ஆயில் மூடியில் தலையெழுத்து

கைரேகை பார்த்தாயிற்று. நெற்றி பார்த்தாயிற்று. நட்சத்திரம், கனவு, தும்மல், கண் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட்ட மனிதகுலத்துக்கு மிச்சம் இருந்தது இன்ஜின் ஆயில் மூடி ஒன்றுதான். அந்தக் குறையையும் போக்க ஒரு மகான் அவதரித்தார்.

லாரி எடைமேடைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் காலை ஏழு மணிக்கே எழுபது வண்டிகள் சேர்ந்துவிட்டன. எல்லாம் பானெட்டைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல வாயைப் பிளந்து நின்றன. பந்தல் முகப்பில் துணி விளம்பரம்: "உங்கள் வண்டியின் மூடியே உங்கள் தலையெழுத்து!" பத்து வயதுக்குக் குறைந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. புது வண்டிக்கு இன்னும் ஆத்மா இறங்கவில்லையாம். புது வண்டிக்குக் கம்பெனி உத்தரவாதம் உண்டு, அங்கே போனால் மெக்கானிக் உண்மையைச் சொல்லித் தொலைப்பான் என்ற காரணத்தை விளம்பரத்தில் போட இடமில்லை போலிருக்கிறது.

லாண்டரிக்காரர் தம் இருபத்திரண்டு வயது வேனோடு வரிசையில் நின்றிருந்தார். நல்ல மனிதர். அழுக்கில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எந்தக் கறையும் அவரை ஏமாற்ற முடியாது. மனிதர்கள் மட்டும்தான் ஏமாற்ற முடியும்.

அவருக்கு முன்னால் பேக்கரிக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிளின் இரு பக்கமும் ரொட்டிப் பெட்டிகள் தொங்கின.

"என்னங்க, உங்க வேன் எங்க?" என்றார் லாண்டரிக்காரர்.

"போன வாரம் இங்கதான் பார்த்தேன். மூடி அந்தக் குதி குதிச்சுது. பீடை வண்டின்னு ஐயா சொல்லிட்டார். உடனே தரகர்கிட்ட தள்ளிவிட்டுட்டேன். இப்ப சைக்கிள்லதான் ரொட்டி போடறேன்."

"கஷ்டமா இல்ல?"

"மூச்சு வாங்குது, முட்டி வலிக்குது, பாதி கடைக்கு ரொட்டி போய்ச் சேரல. ஆனா உயிரோட இருக்கேன் பாருங்க! நன்றி சொல்லத்தான் வந்தேன்."

வேனை வைத்திருந்தவர்களும் உயிரோடுதான் இருந்தார்கள் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அதெல்லாம் வரிசையில் நிற்காதவர்களுக்குத் தோன்றுவது.

பந்தலுக்குள் மூடி ஞானி வீற்றிருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை. வலது கைப்பக்கம் மட்டும் ஆயில் தெறித்திருந்தது. 'இது ரெண்டு ஊறல் கேட்கும்' என்று லாண்டரிக்காரரின் தொழில் மனம் கணக்குப் போட்டது. பிறகு, ஞானியின் கறையை எடைபோடுவது பாவம் என்று தம்மையே கடிந்துகொண்டார்.

ஞானிக்குப் பக்கத்தில் தரகர் நின்றார். பீடை பிடித்த வண்டிகளை வாங்கி, பிரித்து, இரும்பு எடைக்குப் போட்டுவிடும் தியாகி அவர். "உங்க பீடையை நான் சுமக்கறேன். எனக்கென்ன, குடும்பமா குட்டியா?" என்று சொல்லும்போது அவர் கண்ணில் நீர் கட்டும். அவருக்கு இரண்டு குடும்பம் என்று கேள்வி.

வேன் பந்தலுக்கு முன்னால் வந்தது. ஞானி ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். திருப்பிப் பார்த்தார். உட்புறத்தில் வெண்ணெய் தடவியதுபோல வெளிறிய நுரை அப்பியிருந்தது. முகர்ந்தார். கண்ணை மூடினார். மைக்குக்குப் பக்கத்தில் பெருமூச்சு விட்டார். மைதானம் முழுக்க அந்தப் பெருமூச்சு ஒலிபெருக்கியில் உறுமியது.

"வெள்ளை! இன்ஜின் கறுப்பு, ஆயில் கறுப்பு, மூடியில் மட்டும் வெள்ளை எங்கிருந்து வந்தது? இந்த வண்டி உள்ளுக்குள் அழுகிறது!"

கூட்டம் "ஐயோ" என்றது.

ஞானியின் விரல் துவாரத்தின் விளிம்பைத் தடவியது. நீளமாக ஏதோ ஒன்றை உருவி உயரே தூக்கிக் காட்டினார். "பாருங்கள்! நரைத்த முடி! வயதான ஒரு பெண்மணி இந்த வண்டியை விட்டு இறங்க மறுக்கிறாள்!"

லாண்டரிக்காரர் வேனின் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். வேனில் அவர் ஏற்றியதெல்லாம் விடுதியின் படுக்கை விரிப்புகள்தான். ஆனால் விரிப்புகளுக்குள் யார் சுருண்டு வந்தார்கள் என்று யார் கண்டார்கள்?

அடுத்து நடனம். ஞானியின் ஓட்டுநர் வேனில் ஏறி இன்ஜினைக் கிளப்பினான். வேறு யாரும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அலை கலைந்துவிடுமாம். துவாரத்தின் மேல் மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள். மூடி அமைதியாக இருந்தால் வண்டி நல்ல வண்டி, மந்திரித்த புது மூடி ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம். குதித்தால் பீடை.

மூடி முதலில் லேசாக நடுங்கியது. தரகர் காதைச் சொறிந்தார். ஓட்டுநர் அதைப் பார்த்தான், இன்ஜின் ஒருமுறை உறுமியது. மூடி கடகடவென்று ஆடி, எகிறி, ரேடியேட்டர் மேல் விழுந்து உருண்டது.

"பதினோரு நாள்," என்றார் ஞானி. "அதற்குள் இந்த வண்டி உன் வீட்டில் ஒருவரைக் கேட்கும். நாளைக் காலைக்குள் கைமாற்றிவிடு."

தரகர் ஏற்கெனவே பேனாவைத் திறந்திருந்தார்.

* * *

"கொடுக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. இஸ்திரிப் பெட்டியைத் தலையணை உறையின் மேலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப விடுதித் துணியை யார் சுமக்கறது? உங்க முதுகா?"

கேள்வியில் விஷயம் இருந்தது. தினமும் சாயங்காலத்துக்குள் எட்டு நடை துணி போக வேண்டும். ஒரு நாள் தவறினால் விடுதிக்காரர் எதிர்த்தெருச் சலவைக்கடைக்கு மாறிவிடுவார். அந்த ஒரு விடுதியால்தான் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எடைக்கு விற்கிற காசில் இன்னொரு வேன் வாங்க முடியாது, நல்ல கைவண்டி வேண்டுமானால் வாங்கலாம்.

"உயிர் முக்கியமா, விடுதி முக்கியமா?" என்றார் அவர்.

மனைவி உடனே தங்கைக்குப் போன் போட்டாள். கொழுந்தியாள் பஸ் நிலையத்தை ஒட்டிய உதிரிபாகக் கடையில் பதினாறு வருடமாகக் கவுண்டரில் நிற்பவள். ஒரு திருகாணியை உள்ளங்கையில் வைத்தால் அது எந்த வண்டியில் எந்த மூலையிலிருந்து கழன்றது என்று சொல்லுவாள். இதற்காக அவளை யாரும் ஞானி என்று கூப்பிட்டதில்லை. உண்மையிலேயே தெரிந்தவர்களுக்கு அந்தப் பட்டம் கொடுப்பது வழக்கமில்லை.

மதிய இடைவேளையில் அவள் வந்து நின்றாள். கையில் டப்பா, வாயில் பாதிச் சாப்பாடு.

"எங்க மாமா உங்க அழுமூஞ்சி வேன்?"

பானெட்டைத் திறந்தாள். மூடியைத் தொட்டதும் அவள் முகம் கோணியது. மூடிக்கு அடியில், துவாரத்தின் விளிம்பைச் சுற்றி, வட்டமாக மடித்த வெள்ளைத்துணி ஒன்று திணிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"ஆயில் கசிஞ்சுது. அதான் கிழிஞ்ச தலையணை உறையை நாலா மடிச்சு அடியில கொடுத்து, பிளையர் போட்டு இறுக்கினேன்," என்றார் லாண்டரிக்காரர், பெருமையை மறைத்துக்கொண்டு. "நல்ல காட்டன். கஞ்சி போட்டது."

"இன்ஜினுக்குக் கஞ்சி போட்ட ஒரே ஆள் நீங்கதான் மாமா." துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி அவர் மூக்குக்கு நேராக ஆட்டினாள். "உங்க நரைச்ச பாட்டி இவங்கதானா? இறங்க மாட்டேங்கறாங்களா?"

மனைவி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள்.

"நூலா இருக்கட்டும்," என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல். "வெள்ளை நுரை?"

"ஒரு நடைக்கு எவ்வளவு தூரம் ஓட்டறீங்க?"

"இங்கேருந்து விடுதி. முக்கால் கிலோமீட்டர்."

"போய் நிறுத்திடறீங்க. திரும்ப முக்கால். திரும்ப நிறுத்தம். இன்ஜின் ஒரு நாளாவது நல்லா சூடாச்சா? பாத்திரத்துல தண்ணி காய வச்சா மூடிக்கு அடியில முத்து முத்தா வேர்க்குதில்ல? அதே வேர்வைதான் இது. ஆயிலோட கலந்து நுரையா ஒட்டியிருக்கு. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில ஓட்டினா ஆவியாப் போயிடும்." சொல்லிவிட்டு ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தாள். ரேடியேட்டரில் எட்டிப் பார்த்தாள். "ஆயில்ல தண்ணி கலக்கல. ரேடியேட்டர்லயும் தண்ணி இறங்கல. அது இறங்கியிருந்தா நானே பயந்திருப்பேன். இங்க கெட்டுப்போனது இந்த ரப்பர் வளையம் ஒண்ணுதான். பாருங்க, பிஸ்கட் மாதிரி உடையுது. நீங்க பிளையர் போட்டு இறுக்குனதுல மூடியோட காதும் போச்சு. ஒரு புது மூடி போட்டா முடிஞ்சுது."

"அப்ப குதிச்சதே!"

அவள் வண்டியைக் கிளப்பினாள், மூடியைக் கவிழ்த்து வைத்தாள். மூடி லேசாக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தாள். மூடி எகிறி விழுந்தது. காலை எடுத்தாள். மூடியை மறுபடி கவிழ்த்து வைத்தாள். அடங்கியது.

"உள்ள இருக்கிற காத்து மேல தள்ளுது. பழைய இன்ஜின், கொஞ்சம் கூடத் தள்ளும். இப்பப் புரியுதா?"

லாண்டரிக்காரர் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "நீ மிதிச்சதால இங்க குதிச்சுது. அங்க பீடையால குதிச்சுது."

கொழுந்தியாள் அக்காவைப் பார்த்தாள். "இந்த மனுஷனை எப்படிக்கா சமாளிக்கறே?"

"பழகிடுச்சு," என்றாள் மனைவி.

"சரி மாமா. நாளைக்குப் போங்க. ஆனா நான் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. இது மட்டும் சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார். பயந்தவர்களுக்குச் சத்தியம் செய்வது எளிது, அடுத்த நிமிடமே இன்னொருவருக்கும் செய்வார்கள்.

* * *

மறுநாள் கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. காவலர் ஒருவர்கூடத் தம் பழைய மோட்டார் சைக்கிளோடு டோக்கன் வாங்கி நின்றார். லாண்டரிக்காரர் வேன் பக்கத்தில், கையில் தரகரின் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்பது. கொழுந்தியாளைக் காணோம்.

"போடுங்க சார், நேரம் ஓடுது. பதினோரு நாள்ல ஒண்ணு ஏற்கெனவே போச்சு," என்று தரகர் பேனாவை நீட்டினார்.

பேனா முனை காகிதத்தைத் தொட்டபோது, "ஐயா, ஒரு மூடி பார்க்கணும்!" என்று குரல் கேட்டது. கொழுந்தியாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"வண்டி எங்கே அம்மா?" என்றார் ஞானி.

"கொஞ்சம் தள்ளி நிக்குதுங்க. மூடியை மட்டும் கொண்டாந்தேன். மூடியே தலையெழுத்துன்னு வெளியில எழுதியிருக்கே. வண்டியைப் பார்த்தாதான் தெரியுமா?"

மைக் திறந்திருந்தது. மைதானம் காதைத் தீட்டியது. "மூடி போதும்," என்றார் ஞானி, வேறு வழியில்லாமல். "என்ன வண்டி?"

"ஏழு பேர் உக்காரலாம். பதிமூணு வருஷமாச்சு, ஒரு கீறல் கிடையாது. விக்கவே மனசு வராது."

தரகர் காதைச் சொறிந்தார். தோலே உரியும்படி சொறிந்தார்.

ஞானி பொட்டலத்தைப் பிரித்தார். கறுத்து, பிசின் அப்பிய மூடி. கையெழுத்தானதும் ஓட்டிப்போகத் தயாராக, லாண்டரிக்காரர் வேனின் இருக்கையில் ஞானியின் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான். மூடியைப் பார்த்ததும் அவன் பேய் முழி முழித்தான். கையை ஆட்டினான், இருமினான். ஞானி கண்ணை மூடியிருந்தார். அதுதான் அவருடைய தொழில்.

"கறுப்பு!" என்று முழங்கினார். "நேற்று வெள்ளை பார்த்தோம், அது அழுகை. இது பாவம்! இந்த வண்டிக்காரன் அடுத்தவன் பொருளை விழுங்குகிறவன். ஊரை ஏமாற்றி வயிறு வளர்க்கிறவன். இந்த வண்டி சூரியன் சாய்வதற்குள் கைமாற வேண்டும். இல்லாவிட்டால் அவன் வம்சம் நடுத்தெருவில்!"

"உறுதிதானுங்களே?"

"ஆள் பொய் சொல்லலாம். மூடி பொய் சொல்லாது."

"சரிங்க," என்றாள் கொழுந்தியாள். மைக்கை நோக்கி ஒரு அடி நகர்ந்து நிதானமாகச் சொன்னாள்: "இது உங்க வண்டி மூடிங்க ஐயா."

ஒலிபெருக்கி மட்டும் கரகரத்தது.

"காலையில கடை திறந்ததும் உங்க டிரைவர் வந்தார். ஆயில் கசியுது, புது மூடி வேணும்னார். வாங்கி மாட்டிக்கிட்டு, பழசைக் கவுண்டர்லயே போட்டுட்டுப் போயிட்டார். பந்தலுக்குப் பின்னால நிக்கற வண்டியைத் திறந்து பாருங்க. எங்க கடை ஸ்டிக்கர்கூட இன்னும் பிரிக்கலை."

ஊர் வண்டிகளையெல்லாம் திறந்து பார்த்த மகான், தம் வண்டி பானெட்டை ஒரு நாளும் திறந்ததில்லை. அவர் திரும்பி ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் ஸ்டீயரிங்குக்குக் கீழே போய்விடப் பார்த்தான்.

"ஏம்ப்பா, மந்திரிச்ச மூடி உங்ககிட்டயே மூட்டை மூட்டையா இருக்கே? எதுக்குக் கடைக்குப் போனே?" என்று காவலர் கேட்டார். தொழில்முறைக் கேள்வி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அது மட்டமான ரப்பர் சார்," என்றான் ஓட்டுநர் அழாக்குறையாக. "ரெண்டு வாரத்துல கசியும். ஐயாதான் நம்ம வண்டிக்கு நல்லதாப் பார்த்து வாங்குன்னாரு."

கூட்டம் சிரித்தது. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைப்பீர்கள். கூட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஞானி இரு கைகளையும் உயர்த்தினார்.

"ஆம்! என் வண்டிதான்! உங்கள் பாவத்தையெல்லாம் யார் சுமப்பது? நான்! உங்கள் வண்டிகளின் கறுப்பு எங்கே போய்ச் சேரும்? என் மூடியில்!"

முன்வரிசையில் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நன்றி தீராமல் இன்றும் சைக்கிளோடு வந்திருந்த பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பெரிய மனசு!"

லாண்டரிக்காரருக்கும் நெஞ்சு உருகத்தான் செய்தது. உருகிக்கொண்டே கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பேனா பட்ட இடத்தில் மைப்புள்ளி ஒன்று. அந்த அப்பாவி மனிதருக்கு, தம் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு நியாயம் தோன்றியது. கெட்ட எண்ணத்தில் அல்ல. ஞானியைக் காப்பாற்றத்தான் தோன்றியது.

"ஐயோ, அப்ப ஐயா வண்டியும் சாயங்காலத்துக்குள்ள கைமாறணுமே!" என்று பதறினார். காகிதத்தைத் தரகர் முன்னால் விரித்தார். "தரகரே, முதல்ல அவருக்கு எழுதுங்க. என்னுது நாளைக்குக்கூட ஆகட்டும். எனக்குப் போட்ட அதே ரேட்டு. இரும்பு எடை!"

"ஆமா, எழுதுங்க! ஐயா வம்சம் பாழாப் போகக் கூடாது!" என்றது கூட்டம், முழு பக்தியோடு. கன்னத்தில் போட்டுக்கொண்ட நாலு பேரும் ஞானியின் வண்டியை எடைமேடைக்குத் தள்ளவே கிளம்பிவிட்டார்கள்.

ஞானி தரகரைப் பார்த்தார். தரகர் ஞானியைப் பார்த்தார். அந்த வண்டியில் பாதிப் பங்கு தரகருடையது.

"யோவ், விடுங்கய்யா வண்டியை! எடைக்குப் போடறதா? அருமையான வண்டிய்யா அது!" என்று தரகர் கத்தினார்.

"பீடை வண்டிங்க," என்றார் லாண்டரிக்காரர். "மூடி சொல்லுச்சே."

"மூடி கெடக்குது மூடி! இன்ஜினைப் பார்க்கணும்யா வண்டின்னா! ஒரு ஆயில் மூடியைப் பார்த்து எந்த மடையனாவது வண்டியை விப்பானா?"

மைக் திறந்தேதான் இருந்தது. மடையன் என்ற சொல் எடைமேடைவரை போய்த் திரும்பி வந்தது. அந்த மைதானத்தில் அப்படி விற்ற மடையர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, தண்ணீர் கேன் போடுகிறவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் நாலு நாளைக்கு முன்னாடிதான் இந்தத் தரகர்கிட்ட ஒரு வேன் வாங்கினேன். நல்ல வேன்னு நல்ல விலை போட்டார். கதவைத் திறந்தா உள்ளே ரொட்டி வாசனை வருதுங்க. அது ஏதாவது பீடையா இருக்குமோ?"

பேக்கரிக்காரர் சைக்கிளைக் கீழே போட்டார். ரொட்டிகள் மண்ணில் உருண்டன.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ஞானி பந்தலின் பின்பக்கமாகக் கம்பி நீட்டப் பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் வழியை அடைத்து நின்றன. அவற்றை அங்கே வரவழைத்தவர் அவர்தான். காவலர் டோக்கனைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, திடீரென்று கடமை ஞாபகம் வந்தவராக முன்னால் வந்தார். தரகர் கடைசிவரை காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

கொழுந்தியாள் இதையெல்லாம் வேடிக்கை பார்க்கவில்லை. வேனின் ஆயில் துவாரத்தைச் சுற்றி ஒரு நூல் விடாமல் துடைத்தாள். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கடையிலிருந்து கொண்டுவந்த புது மூடியைக் கையாலேயே திருகி நிறுத்தினாள்.

"அவ்வளவுதான். இதுக்கு மேல இறுக்கக் கூடாது. பிளையர் எடுத்தீங்க, கையை உடைப்பேன். இந்த வாரமே ஆயிலை மாத்துங்க, உள்ள எத்தனை தலையணை போயிருக்கோ. ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிக்கிட்டு நெடுந்தூரம் போய்ட்டு வாங்க. இன்ஜினும் கொஞ்சம் சூடாகட்டும், அவளும் கொஞ்சம் வெளியுலகம் பார்க்கட்டும்."

"முதல்ல விடுதிக்கு எட்டு நடை," என்றார் லாண்டரிக்காரர், காகிதத்தை நாலாகக் கிழித்துக்கொண்டே. அவர் காதுமடல் சிவந்திருந்தது. "நான் மடையன்னு நீ நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் மாமா. நீங்க நம்பலை. இப்ப தரகர் சொன்னதும் நம்பறீங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கன்னத்தில் போட்டுக்கொண்ட நாலு பேரில் ஒருவர் மெல்ல அருகில் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இவன் போலின்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் டயர்த் தேய்மானம் பார்த்துச் சொல்றாராம். அவர் நிஜமாவே சக்தி உள்ளவராமே?"

கொழுந்தியாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போய்ட்டு வாங்க அண்ணே. போனதும் முதல்ல ஒண்ணு மட்டும் கேளுங்க. அவர் டயர் பஞ்சரானா யார்கிட்ட போவார்னு."

அந்த அண்ணன் போனார். கேட்டாரா என்பது தெரியவில்லை. டயர் பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு. கேள்வி கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. இலவசமாகக் கிடைக்கிற பொருளை நம் மக்கள் எப்போது மதித்திருக்கிறார்கள்?